ஹார்வி துப்பாக்கியின் உதை

எல்வுட்: ...லேசா இருக்கணும் டைட்டஸ். நான் கேக்கறது அவ்வளவுதான். மேல ஒரு கொசு வந்து உக்காந்தா, துப்பாக்கியைவிட கொசு கனமாத் தெரியணும்.

டைட்டஸ்: உங்களுக்கு வேண்டியது துப்பாக்கியா, தலகாணியா அண்ணே?

எல்வுட்: சிரிக்காத. உதைக்கக் கூடாது, அதான் விஷயம். என் பொண்டாட்டி தோளை நீ பாத்திருக்கியா?

டைட்டஸ்: வெர்னா அக்கா தோளை நான் எதுக்குப் பாக்கப் போறேன்?

எல்வுட்: நல்ல பதில். பாத்திருக்கேன்னு சொல்லியிருந்தா அடுத்த ஊர்க் கடைக்குப் போயிருப்பேன். சக்கிமுக்கித் துப்பாக்கிக்குன்னு விடற மான் வேட்டை சீசன் முடிஞ்சு ஜனவரியில பாக்கணும் நீ. இடது தோள்ல ஒரு காயம்... சாப்பாட்டுத் தட்டு அகலம். இல்ல, தட்டு பத்தாது. டிராக்டர் சக்கரம். அழுகின பிளம் பழம் நிறம். கிட்டப் போனா 'தொடாத எல்வுட், வலிக்குது'ங்கறா. ஒரே வினிகர் வாசம், கிராம்பு வாசம்.

டைட்டஸ்: கிராம்பா?

எல்வுட்: ஏதோ கைவைத்தியம் போல. ரெண்டு வருஷமா இதே கதை.

டைட்டஸ்: அப்படி எந்தத் துப்பாக்கி உதைக்குது?

எல்வுட்: வேற எது? ஹார்வியோடதுதான். அவளோட மொதல் புருஷன். ஆளு செத்து எட்டு வருஷம் ஆச்சு. உயிரோட இருக்கற நான் சுண்டுவிரலால தொட்டா வலிக்குதாம். செத்துப்போனவன் வருஷா வருஷம் வந்து என் பொண்டாட்டி தோள்ல முத்திரை குத்திட்டுப் போறான்.

டைட்டஸ்: அது துப்பாக்கி அண்ணே. ஹார்வி இல்ல.

எல்வுட்: அதோட மேப்பிள் மரக்கட்டை அவன் கையால இழைச்சது. அவன் பேரோட மொத எழுத்து வெள்ளியில பதிச்சிருக்கு. எங்க சாப்பாட்டு மேசைக்கு மேல தொங்குது. அஞ்சு வருஷமா நான் அதுக்கு அடியிலதான் சூப் குடிக்கறேன். போட்டோவா இருந்தா தாங்கிக்குவேன் டைட்டஸ். போட்டோவுக்கு யாரும் ஞாயித்துக்கிழமை தவறாம எண்ணெய் தேய்க்கறதில்ல. இவ தேய்க்கறா. அடியிலேருந்து நுனி வரைக்கும், மெதுவா, மெதுவா... எனக்கு முதுகு அரிக்குதுன்னா மரக்கரண்டியைக் கையில குடுக்கறா.

டைட்டஸ்: ம்... கஷ்டந்தான்.

எல்வுட்: கஷ்டமா? நாப்பது வருஷம் பால் லாரி ஓட்டினவன் நான். பனியில, சரிவுல, பிரேக் இல்லாம ஓட்டியிருக்கேன். அதெல்லாம் சொர்க்கம். அந்த வீடு ஒரு இடதுகை வீடு. அவளும் இடதுகை, அவனும் இடதுகை. கத்திரிக்கோல் இடதுகை. டப்பா திறக்கற கருவி இடதுகை. பீரோ கதவு தப்புப் பக்கமாத் திறந்து என் மூக்கைத் தேடி வருது. சாப்பிட உக்காந்தா என் வலது முழங்கையும் அவ இடது முழங்கையும் இடிச்சுக்குது. சூப் கொட்டுது. ஒருநாள் சாதாரணமாச் சொல்றா, 'ஹார்வியோட இடிக்கவே இடிக்காது'ன்னு.

டைட்டஸ்: ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காரலாமே?

எல்வுட்: உக்காந்து பாத்தேன். அந்தப் பக்கம் உக்காந்தா துப்பாக்கிக் குழல் நேரா என் மூஞ்சியப் பாக்குது.

டைட்டஸ்: அய்யோ பாவம்.

எல்வுட்: சமையல்கூட முன்ன மாதிரி இல்ல. பீட்ரூட் ஊறல்ல முட்டை போடுவாளே... மாவட்டத்துலயே அவ போடறதுதான் உசத்தி. ரெண்டு வருஷமா ஜனவரியானா ஜாடியில சாறு பாதிதான் நிக்குது. முட்டைக்கு இடுப்பு வரைக்கும் சிவப்பு, மேல வெள்ளை. ஏன்டின்னு கேட்டா 'வயசாகுது'ங்கறா. முட்டைக்கா அவளுக்கான்னு சொல்லல. சரி, விடு. எதிர்த்தாப்ல பேக்கரிக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள பஞ்சு மாதிரி ஒண்ணை எடுத்துக் காட்டு.

டைட்டஸ்: அங்கதான் நீங்க தலைகீழாப் புரிஞ்சு வெச்சிருக்கீங்க. லேசான துப்பாக்கிதான் கழுதை மாதிரி உதைக்கும். கனம் கூடினா உதை குறையும். குண்டு சின்னதானா குறையும். வெடிமருந்து குறைஞ்சா இன்னும் குறையும். அக்கா எவ்வளவு மருந்து போடறாங்க?

எல்வுட்: ...மருந்தை விடு. துப்பாக்கியச் சொல்லு.

டைட்டஸ்: எவ்வளவு போடறாங்கன்னு தெரிஞ்சாத்தானே...

எல்வுட்: ஹார்வி போட்ட அளவுதான் போடறா. அவன் அளவு, அவன் மருந்து அளக்கற மான்கொம்பு, அவன் துப்பாக்கி. எனக்கென்ன தெரியும்? அந்த மூலையில நிக்குதே, அது என்ன?

டைட்டஸ்: இதுவா... இது பாருங்க. பாயிண்ட் நாப்பத்தஞ்சு குண்டு. மானுக்குப் போதும், தோளுக்கும் இதம். எட்டரைப் பவுண்டு கனம், குழல் நீளம், பாரம் முன்னாடி நிக்கும். சுட்டா குழல் வாயும் துள்ளாது. கட்டையோட பின்தகடு தட்டையா, அகலமா இருக்கு பாருங்க. ஹார்வியோடது பிறை மாதிரி வளைஞ்சிருக்கும். அந்த ரெண்டு முனையும்தான் தோள்ல குத்தும். இது குத்தாது. உதையைத் தோள் முழுக்கப் பரப்பிடும்.

எல்வுட்: இடதுகைதானே? போன வாரம் ஒருத்தன் வலதுகைத் துப்பாக்கியக் குடுத்து 'தோளை மாத்திப் பிடிச்சா ஆச்சு'ன்னான்.

டைட்டஸ்: அவனை மாத்திப் பிடிச்சுச் சுடச் சொல்லியிருக்கணும். சக்கிமுக்கிக் கல் அடிச்சு, கிண்ணியில மருந்து பத்தறது கண்ணுக்கு நாலு விரல்கடை தூரத்துல. பொறி புருவத்துல வந்து விழும். இதுல கல்லு, கிண்ணி எல்லாம் இடப்பக்கம் வெச்சிருக்கேன். நெருப்பு அந்தப் பக்கமாப் போயிடும். கன்னம் வைக்கற இடத்தையும் அந்தப் பக்கமா வளைச்சிருக்கேன்.

எல்வுட்: கட்டை நீளம்?

டைட்டஸ்: பதிமூணேகால் அங்குலம். அக்கா கைக்குச் சரியா இருக்கும்.

எல்வுட்: ...எப்படி?

டைட்டஸ்: எப்படின்னா?

எல்வுட்: சரியா இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? அஞ்சு வருஷம் குடித்தனம் பண்ற எனக்கே அவ கை எத்தனை அங்குலம்னு தெரியாது. நீ கால் அங்குலம்வரைக்கும் சொல்றே.

டைட்டஸ்: அது... ஒரு கணக்குதான். பாத்தா தெரியும். தொழில் பழக்கம்.

எல்வுட்: யாருக்காகச் செஞ்ச இதை? இடதுகைத் துப்பாக்கி யாரும் சும்மா செஞ்சு மூலையில நிறுத்தி வைக்க மாட்டான்.

டைட்டஸ்: ஒருத்தங்க அளவு குடுத்தாங்க. இன்னும் வந்து எடுத்துக்கல. யாருன்னு சொல்ல வேணாம்னாங்க. இந்தாங்க, அக்காவே வந்துட்டாங்க.

வெர்னா: குளிர் அப்பப்பா... என்ன எல்வுட், மூஞ்சி ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

எல்வுட்: இவனுக்கு உன் கை நீளம் தெரியுமாம்.

வெர்னா: கை இருக்கறவங்க எல்லாருக்கும் நீளமும் இருக்கும். டைட்டஸ், வண்டியிலேருந்து ஹார்வி துப்பாக்கியக் கொண்டுவந்திருக்கேன். மருந்துப் பையும் இருக்கு. ஒப்பிட்டுப் பாக்கலாம்னு. எது, இதுவா புதுசு?

டைட்டஸ்: எடுத்துத் தோள்ல வைங்கக்கா.

வெர்னா: இரு... இதோ, வெச்சுட்டேன்.

டைட்டஸ்: எப்படி இருக்கு?

வெர்னா: கழுத்தை நீட்ட வேண்டியதில்ல. கன்னம் தானா வந்து உக்காருது. கண்ணைத் திறந்தா குறி நேரா நிக்குது.

எல்வுட்: சிரிக்கறா பாரு. ஹார்வியோடதை எடுக்கறப்ப இப்படிச் சிரிச்சிருக்கியா?

வெர்னா: அதை எடுக்கறப்பப் பல்லைக் கடிச்சுக்குவேன்.

எல்வுட்: அப்ப இதையே வாங்கிடுவோம். நான் வாங்கித் தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை வெர்னா. இது வீட்டுக்குள்ள வந்தா, அது சுவத்தை விட்டு இறங்கணும். பரண்ல போடு, வித்துடு, டைட்டஸுக்கே குடு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சீசன் திறக்கறப்ப நீ கையில எடுக்கறது நான் வாங்கினதா இருக்கணும்.

வெர்னா: அதான் உன் நிபந்தனையா?

எல்வுட்: வேற ஒண்ணும் கேக்கல. நான் என்ன கடலையா தாண்டச் சொல்றேன்?

வெர்னா: சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். டைட்டஸ், பின்னாடி மண்மேட்டுல குறி அட்டை இருக்கில்ல? உன் அளவையும் உன் மருந்தையும் குடு. என் பை இங்கயே இருக்கட்டும். நீ சாவகாசமாத் திறந்து பாரு.

டைட்டஸ்: அம்பது கிரெயின் எடை மருந்து போடுங்க, போதும்.

வெர்னா: எல்வுட், நான் வர்றதுக்குள்ள யோசிச்சு வை. என்கிட்ட வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கான்னு.

எல்வுட்: என்ன இருக்கப் போகுது...

டைட்டஸ்: ...போயிட்டாங்க. சரி, ஹார்வியோடதை இப்படிக் குடுங்க. எத்தனை நாளா இதைக் கையில பிடிச்சுப் பாக்கணும்னு இருந்தேன் தெரியுமா? நான் பரம்பரைத் தொழில்காரன். ஹார்வி ஆபீஸ்ல உக்காந்து எழுதினவரு, பொழுதுபோக்குக்குச் செஞ்சாரு. ஆனா இந்தக் கட்டையோட வளைவைப் பாருங்க. இருபது வருஷமா எனக்கு இது வரல. எனக்கும் வயித்தெரிச்சல்தான்.

எல்வுட்: நீயும் எங்க கூட்டமா? வா, வந்து உக்காரு.

டைட்டஸ்: ஆனா... இது என்ன? குழல் முழுக்கத் துரு. புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. வாராவாரம் எண்ணெய் போடறாங்கன்னீங்க?

எல்வுட்: என் கண்ணால பாக்கறேன். தேய்ச்சுத் தேய்ச்சு அவ கைரேகையே அழிஞ்சு போச்சு.

டைட்டஸ்: எண்ணெய் பட்ட இரும்பு இப்படி ஆகாதே... கேட்டீங்களா? சுட்டுட்டாங்க, மொதக் குண்டு.

எல்வுட்: சத்தமே பூனை தும்மின மாதிரி இருக்கு. ஹார்வியோடது வெடிச்சா அத்தனை தூரத்துல இருக்கற ஹாரிஸ்பர்க் டவுன்ல பால் திரிஞ்சு போகும்.

டைட்டஸ்: அப்படியா? அறுபது கிரெயின் துப்பாக்கிக்கு அவ்வளவு சத்தமா? பையில மான்கொம்பு அளவை இருக்குமே... இதோ. இது ஹார்வி துளைச்சப்ப நான் பக்கத்துல நின்னேன் அண்ணே. கொஞ்சம் துளைப்பாரு, மருந்து ஊத்தி அளப்பாரு, மறுபடி துளைப்பாரு. அறுபது வந்ததும் நிறுத்திட்டாரு.

எல்வுட்: பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு? துப்பாக்கிக்கு உறை ஏதாவது வெச்சிருக்கியா?

டைட்டஸ்: அடுப்பை விட்டு இப்படித் தள்ளி வாங்க. கொம்பு நிறைய மருந்து. இப்ப இதைப் பித்தளை அளவைல ஊத்தறேன்... அறுபது... எழுபது... எண்பது. தொண்ணூறு.

எல்வுட்: பித்தளை குளிர்ல சுருங்கியிருக்கும்.

டைட்டஸ்: செத்த மானோட கொம்புல குழி தானா ஆழமாகுமா அண்ணே?

எல்வுட்: எலி கடிச்சிருக்கும். எங்க வீட்டு எலி ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி சைஸ்.

டைட்டஸ்: டிரில் வெச்சிருக்கற எலியா? வெளியில டீ நிறம். உள்ள அடியில மட்டும் பல்லு மாதிரி வெள்ளை. புதுத் துளை. வட்டம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு.

எல்வுட்: ...ரெண்டாவது குண்டும் சுட்டுட்டா போல.

டைட்டஸ்: அண்ணே.

எல்வுட்: மெதுவாப் பேசு.

டைட்டஸ்: நீங்களா?

எல்வுட்: அவளா அந்தத் துப்பாக்கிய வெறுக்கணும்னு நினைச்சேன். கொஞ்சூண்டு உதைச்சா போதும், 'சீ போ'ன்னு இறக்கி வெச்சுடுவான்னு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சீசனுக்கு மொதல் நாள் கீழ்த்தளத்துல உக்காந்து துளைச்சேன். கொம்பைத் துளைச்சா அப்படி நாறும்னு யாருக்குத் தெரியும்? மயிர் பொசுங்கின நாத்தம், மாடி வரைக்கும். அடுப்புல குனிஞ்சப்போ புருவம் பொசுங்கிடுச்சுன்னு அவகிட்ட சொன்னேன். அதுக்காக நிஜமாவே பாதிப் புருவத்தை வழிக்க வேண்டியதாப் போச்சு.

டைட்டஸ்: தொண்ணூறு கிரெயின்... குழல் கனமானது, தாங்கிடுச்சு. அக்கா தோள்?

எல்வுட்: அதை நினைச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வராது. மொதத் தடவை அந்தக் காயத்தைப் பாத்தப்போ... நான்தான் அடிச்சேன்னு இருந்துச்சு டைட்டஸ். ஹார்வி இல்ல. நான். பழைய அளவுக்கே கொண்டுவந்துடலாம்னு பாத்தேன். துளைச்சதைத் திரும்ப அடைக்க முடியல. மெழுகு உருக்கி ஊத்தினேன், மருந்தெல்லாம் ஒட்டிக்கிச்சு. சுரண்டி எடுத்துட்டேன்.

டைட்டஸ்: சொல்லியிருக்கலாமில்ல?

எல்வுட்: சொன்னா போயிடுவா. அவ எங்க போவா... நான்தான் போகணும். வீடு ஹார்வியோடது.

டைட்டஸ்: மூணாவதும் சுட்டுட்டாங்க. வர்றாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

எல்வுட்: புதுத் துப்பாக்கிய வாங்கிக் குடுத்துட்டு, பையோட அந்தக் கொம்பை ஆத்துல...

டைட்டஸ்: அண்ணே. நீங்களே சொல்லிடுங்க.

வெர்னா: மூணு குண்டும் ஒரு காப்பிக் கோப்பை வாய் அகலத்துக்குள்ள. தோள்ல யாரோ 'என்ன விசேஷம்'னு தட்டின மாதிரி இருந்துது, அவ்வளவுதான். ஏன் ரெண்டு பேரும் சாவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?

எல்வுட்: வெர்னா... ஒண்ணு சொல்லணும். சொன்னப்பறம் இந்தத் துப்பாக்கிய நீ என் தலையில போட்டாலும் போடலாம். எட்டரைப் பவுண்டு.

வெர்னா: சொல்லு.

எல்வுட்: ஹார்வி துப்பாக்கி உன்னை உதைக்கல. நான்தான் உதைச்சேன். அந்தக் கொம்பை நான் துளைச்சுட்டேன். அறுபது போற இடத்துல தொண்ணூறு போகுது. ரெண்டு வருஷமா.

வெர்னா: ம்.

எல்வுட்: ம்முன்னா?

வெர்னா: நீ எப்ப சொல்லப் போறேன்னு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். வீடு பூரா கொம்பு பொசுங்கின நாத்தம். கீழ போனா உன் மேசையில வெள்ளைத் தூள். நீ ஒத்தைப் புருவத்தோட நின்னு 'அடுப்பு, அடுப்பு'ங்கற.

எல்வுட்: தெரிஞ்சே நிரப்பிச் சுட்டியா?

வெர்னா: மொதக் குண்டு தெரியாமச் சுட்டேன். அது நிஜமாவே உதைச்சுது. பனியில உக்காந்துட்டேன். அந்த ஒரு உதைக்கு நீ பதில் சொல்லியாகணும். இனிமே நான் சுட்டதுக்கப்பறம் வெந்நீர் ஊத்திக் குழல் கழுவறது உன் வேலை. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். ஆயுசுக்கும் கழுவு.

எல்வுட்: கழுவறேன். ரெண்டு ஆயுசுக்குக் கழுவறேன். அதுக்கப்பறம்?

வெர்னா: அதுக்கப்பறம் முக்கால் கொம்பு கூட நிரப்பல.

எல்வுட்: அந்தத் துப்பாக்கி மேல அவ்வளவு ஆசையா உனக்கு? நான் அப்படிப் பண்ணியும் விடாம...

வெர்னா: ஆசையா? எல்வுட், உக்காரு. ஹார்வியோட இருபத்தொம்பது வருஷம் வாழ்ந்தேன். நானும் இடதுகை, நானும் குறி தவறாம சுடுவேன். அந்தத் துப்பாக்கிய ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையில எடுத்தேன். கைரேகை படும்னு பிடுங்கித் துணியால துடைச்சு மாட்டினான். காட்டுல அவன் அதைத் தோள்ல சாத்திக்கிட்டு முன்னாடி போவான். நான் ரொட்டிப் பையைத் தூக்கிட்டுப் பின்னாடி போவேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க அதுகிட்டதான் பேசுவான். அதுக்குப் பேர்கூட வெச்சிருந்தான்.

எல்வுட்: என்ன பேரு?

வெர்னா: என் பேர் இல்ல.

டைட்டஸ்: அப்ப அவர் போனப்பறம் அக்கா ஏன் அதையே எடுத்துச் சுட்டீங்க?

வெர்னா: எங்கிருந்தாவது பாத்துக்கிட்டு இருப்பானில்ல, அதுக்குத்தான். என் பத்து விரல் ரேகையும் படட்டும்னு.

டைட்டஸ்: இந்தத் துரு...

வெர்னா: எண்ணெய் இல்ல, பன்றி வறுத்த கொழுப்பு. உப்புப் போட்டது. ஞாயித்துக்கிழமை தவறினதில்ல.

டைட்டஸ்: அய்யோ... அக்கா, இந்தக் குழலையா...

எல்வுட்: அப்ப நான் பொறாமைப்பட்டது எதைப் பாத்து?

வெர்னா: நான் எதைப் பாத்துப் பொறாமைப்பட்டேனோ, அதையே பாத்துத்தான். ஒரே துப்பாக்கி. நீ அஞ்சு வருஷம். நான் இருபத்தொம்பது வருஷம். வரிசையில எனக்குப் பின்னாடி நில்லு.

எல்வுட்: டைட்டஸ், இந்தத் துரு பிடிச்ச எதிரியை இன்னிக்கே எடுத்துக்க. தேய்ச்சு எடு, வளைவைப் பாத்துப் பாத்து வயிறெரி. வெர்னா, இன்னிக்குச் சாப்பாட்டுக்கு நான் அந்தப் பக்கம் உக்காருவேன். முழங்கை இடிக்காது. இந்தப் புதுசை வேணா மேல மாட்டு, என்னையே பாக்கட்டும்.

வெர்னா: இது கதவுக்குப் பின்னாடி நிக்கும். சுவத்துல மாட்டற துப்பாக்கியே இனி வேணாம்.

எல்வுட்: ஆனா இதுக்கு யாரோ அளவு குடுத்திருக்காங்களாம். அவங்க வந்து கேட்டா?

டைட்டஸ்: வந்துட்டாங்க அண்ணே. ஏப்ரல்ல வந்து கையை நீட்டி அளவு குடுத்துட்டுப் போனாங்க. 'என் வீட்டுக்காரர் வந்து கேப்பார், அதுவரைக்கும் மூலையில வை'ன்னாங்க.

எல்வுட்: ஏப்ரல்லயா? நான் வாங்கித் தர்றேன்னு சொன்னதே போன வாரம்... இரு, இரு. மொதக் குண்டைத் தவிர எதுவுமே உதைக்கலன்னா, ரெண்டு ஜனவரியும் உன் தோள்ல நான் பாத்த அந்த டிராக்டர் சக்கரம்?

வெர்னா: முட்டை ஜாடியில சாறு ஏன் பாதிதான் இருக்குன்னு கேட்டியே... அந்தச் சாறைத் தோள்ல ரெண்டு தடவை பூசணும் எல்வுட், ஒரு தடவை பூசினா நிறம் பிடிக்காது. ஊறல்ல போடற கிராம்பு வாசம் காட்டிக் குடுத்துடும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, 'உனக்குன்னு ஒண்ணு வாங்கித் தர்றேன்'னு இந்த வருஷம் நான் ஜாடியில கை வைக்கறதுக்கு முன்னாடியே நீ வாயைத் திறந்துட்ட.